கறுப்பு பீருக்கு எத்தனை மார்க்?

பீரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. என் ஆயுளில் நான் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொன்னதெல்லாம் காப்பிக்கும், மற்றவர்கள் எழுதிய கதைகளுக்கும்தான். இருந்தும், 2012ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு பீருக்கு மார்க் போட்டேன். போட்ட மார்க்கை அரை மணி நேரத்தில் திருத்தவும் செய்தேன்.

என் கதை ஒன்றை ருஷ்ய மொழியில் பெயர்த்த பெண்மணி என்னைச் சாப்பிட அழைத்திருந்தார். அவருடைய மாமனார் பீர் காய்ச்சும் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போனார். தெருமுனைப் பெட்டிக் கடையிலிருந்து இரண்டு புட்டிகளோடு திரும்பினார். அந்த வருஷம் வரைக்கும் அங்கே பெட்டிக் கடையில் பீர் கிடைத்தது. பீரையும் மதுவோடு சேர்க்கும் சட்டம் 2011இல் நிறைவேறி, 2013 பிறந்த பிறகுதான் அந்த விற்பனை நின்றது. அதற்கு முன்பு பீர், சட்டத்தின் கண்ணுக்கு வெறும் உணவுப் பண்டம்!

வந்தது பால்டிகா நான்காம் நம்பர். அதே ஊரில் 1990இல் தொடங்கிய ஆலையின் கறுப்பு லாகர். சேமித்து வைப்பது என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பெயர் லாகர். ஈஸ்ட் குளிர்ச்சியில் நிதானமாக வேலை செய்து அடியில் படியும். பிறகு வாரக் கணக்கில் குளிரிலேயே கிடந்து பீர் பக்குவப்படும். நிறம் கறுத்திருப்பதால் போதை அதிகம் என்று நினைத்துவிடக் கூடாது. முளைகட்டிய பார்லியை வறுக்கிற பதத்தில் வருகிற நிறம் அது. காப்பிக்கொட்டை வறுக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரியவர் ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டார்: நிறம், நுரை, வாசனை, ருசி, விழுங்கிய பிறகு நாக்கில் நிற்பது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க், ஆகப் பத்து. நான் ஒரு வாய் குடித்தேன். சில்லென்றிருந்தது, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு. அவ்வளவுதான். 'நாலு' என்று எழுதினேன்.

பெரியவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஏதோ சொன்னார். மருமகள் மொழிபெயர்த்தார்:

"அவசரப்படாதீர்கள், ஐயா. குளிர் நாக்கை மரத்துப்போக வைக்கும். தம்ளர் சற்றே சூடு ஏறட்டும் என்கிறார்."

காத்திருந்தோம். பெரியவர் ஒரு கருவாட்டை மேஜை விளிம்பில் தட்டித் தட்டி இளக்கித் தோலுரித்தார். சைவனான எனக்குக் கம்பு போன்ற ஒரு தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டி கிடைத்தது. பீர்களின் பெயர்களை 1936இல் மாற்றிய கதையைச் சொன்னார். வியன்னா பீர் 'ஷிகுலி' ஆயிற்றாம். கறுப்பான ம்யூனிக் பீர் 'உக்ரைன்' ஆயிற்றாம். "பெயரை ஒரே நாளில் மாற்றலாம். ருசிக்குத்தான் நேரம் வேண்டும்" என்றார்.

மறுபடி குடித்தேன். இப்போது ரொட்டியின் கருகிய ஓரத்து மணம் அந்தத் தம்ளரிலும் இருந்தது. பின்னால் வெல்லப்பாகு, அது கரைந்த பிறகு, மெல்ல ஒரு கசப்பு. நாலை அடித்துவிட்டு ஏழு போட்டேன். நுரை அதற்குள் செத்துவிட்டதால் அதற்கு மார்க் இல்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் ஆறு என்று தம் மார்க்கை எழுதினார். தொழில் தெரிந்தவர்!

இரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு சிறுகதைப் போட்டிக்கு நான் நடுவனாக இருந்தேன். ஒரே ராத்திரியில் நாற்பது கதைகள். நீல மசியில் எழுதிய ஒரு கதை மிக மெதுவாகத் தொடங்கிற்று. இரண்டாம் பக்கத்தைத் திருப்பாமலே நாலு மார்க் போட்டு ஒதுக்கினேன். எழுதியவர் பெயர் நினைவில்லை. ஈரச் சிலேட்டைச் சட்டையில் துடைக்கும் ஒரு பையன் அதில் வந்தான். அவன் மட்டும் மறக்கவில்லை. அப்புறம் அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது.

ஒரு தம்ளர் பீருக்காக அரை மணி நேரம் காத்திருந்தவன், அந்தப் பையனுக்காக ஐந்து நிமிஷம் காத்திருக்கவில்லை.

பெரியவர் தந்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ள நாலை அடித்துவிட்டேன். அந்த இன்னொரு நாலு அடிபடாமலே நிற்கிறது.