கடல் இல்லாத துறைமுகம்

துருக்கியின் இஸ்மிரிலிருந்து தெற்கே காரில் போனால், வயல்வெளிகளுக்கு நடுவே பழைய கிரேக்க நகரமான மிலேட்டஸ் வருகிறது. துறைமுக நகரம் என்று படித்துவிட்டுப் போனேன்; கடலையே காணோம்! மெண்டரஸ் ஆற்று வண்டல் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்டிருக்கிறது. துறைமுக வாயிலைக் காத்த கல் சிங்கங்களுக்கு இப்போது சேறுதான் துணை.

2,600 ஆண்டுகளுக்கு முன் தேலீஸ் இங்கேதான் வாழ்ந்தார். நிலம் நடுங்கினால் கடல் தெய்வம் போசைடனின் கோபம் என்று நம்பிய காலம். தேலீஸோ, பூமி நீரில் மிதக்கிறது, நீர் அசைந்தால் நிலமும் ஆடும் என்றாராம். (அவர் எழுதியது எதுவும் மிஞ்சவில்லை, பின்னால் வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும்.) விடை தவறுதான். ஆனால் சாமிக்குக் கோபம் என்றால் பூசை போடுவதோடு சரி. இதை மறுத்துப் பேசலாம். பேசவும் செய்தார்கள். அதே ஊர் அனாக்சிமாண்டர், பூமியை எதுவும் தாங்கவில்லை, எல்லாத் திசைக்கும் சம தூரத்தில் இருப்பதால் அது எந்தப் பக்கமும் விழாது என்றார். மூத்தவர் சொன்னதையே மறுக்கும் அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இடிபாடுகளுக்கிடையே இருந்த பாலாட் கிராமம் 1955 நிலநடுக்கத்தில் சிதைந்து, வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. அரங்கின் மேல்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே சேற்றில் தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன.