அம்மையும் பிளாஸ்டிக் சிலிண்டரும்

போன மாசம் சுசீந்திரம் போயிருந்தேன். அடுக்களையில இரும்பு சிலிண்டரை நகர்த்தக்கூட அம்மைக்கு இப்போ முடியல. "இண்டேன்ல கனம் குறைஞ்சது ஒண்ணு இருக்கு, மாத்திருவோம்"னேன்.

"பிளாஸ்டிக்கா? தீ பிடிச்சா உருகிப் போவாதா மக்ளே?"

எனக்கும் உள்ளூர அதே பயந்தான் :-) தேடிப் படிச்சேன். 2021ல வந்த காம்போசிட் சிலிண்டர் அது. உள்ளே பாலிஎத்திலீன், மேலே கண்ணாடி இழை சுத்தின அடுக்கு, வெளியே இன்னொரு சட்டை. இரும்பு பாஸான பரீட்சை இதுக்குச் செல்லாது. ஐ.எஸ்.ஓ. 11119 தரப்படி மாதிரி சிலிண்டர்களை வெடிக்கிற வரைக்கும் அழுத்தணும், கீழே போடணும், தீயிலயும் வைக்கணும். பிறகு இழையையோ அளவையோ மாத்தினா எந்தெந்தச் சோதனையை மறுபடி செய்யணும்னு தனி அட்டவணையே உண்டு.

அம்மை கேள்விக்குப் பதில்: உருகும். ஆனா இழை வழியா கேஸ் கசிஞ்சு எரியும், வெடிக்காது.

"கசியுமா! நல்ல பரீட்சைதான் போ."

அப்பதான் பழசோட கழுத்துப் பட்டையைப் பார்த்தேன். பி-24. அதாவது 2024 ஜூனுக்குள்ள மறுசோதனைக்குப் போயிருக்கணும். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு! ஏஜென்சிக்குப் போன் போட்டு நல்லா நாலு கேட்டதும் சாயந்திரமே வேற கொண்டு வந்தாங்க.

அம்மை கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுத்தை வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் உள்ளே விட்டா. பிளாஸ்டிக் சமாச்சாரம் இன்னும் முடிவாகல.