ஒரு படகு, ரெண்டு கட்சி

வீட்டுல ரெண்டு கட்சி இருக்குது மக்களே. பெரியவ ஸ்கி கட்சி. ஒத்தைப் பலகையில ரெண்டு காலையும் முன்னும் பின்னுமா மாட்டிக்கிட்டு, படகு இழுக்க இழுக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போற ஆளு. சின்னவன் வேக்போர்டு கட்சி. அகலமான பலகையில பக்கவாட்டா நின்னுக்கிட்டு, படகு கிளப்புற அலை மேல ஏறி ஆகாசத்துக்குத் தாவுறவன். தங்கமணி எந்தக் கட்சியும் இல்லை, அவங்க நிதியமைச்சர். 14,000 டாலர், அதுக்கு மேல ஒரு செண்ட் கிடையாதுன்னு பட்ஜெட் வாசிச்சு முடிச்சுட்டாங்க.

பெரியவ அடுத்த வருஷம் காலேஜ் போயிடுவா. இங்க மினசோட்டாவுல தண்ணிக்குள்ள தைரியமா குதிக்கிற காலம் மே கடைசியில இருந்து செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும்தான். மழை, காத்து, விருந்தாளி, கல்யாணம் எல்லாம் போக ஒரு கோடைக்குப் பத்து சனி ஞாயிறு தேறினா பெரிய விஷயம். "இந்த வருஷம் அக்காவுக்கு ஏத்த படகு, அப்புறம் பாத்து தம்பிக்கு"ன்னு சொல்ல நேரம் இல்லை. ரெண்டுக்கும் ஆகுற மாதிரி ஒரே ஒரு பழைய இன்போர்டு படகு வேணும். அதைத் தேடின கதைதான் இந்தப் பதிவு.

இதுல என்ன பெரிய பிரச்சினைன்னு கேக்கறீங்களா? ரெண்டு விளையாட்டும் கேக்குறது நேர் எதிரான சமாச்சாரம்.

ஸ்கி ஆளுக்குப் படகுக்குப் பின்னால அலையே இருக்கக்கூடாது. ஸ்லாலம் போட்டியில பெண்களுக்கு அதிகபட்ச வேகம் மணிக்கு 34 மைல், ஆண்களுக்கு 36. அந்த வேகத்துல அலையைக் குறுக்கே கடக்கும்போது அது மேடா, கெட்டியா இருந்தா பலகை எகிறி ஆள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். வேக்போர்டு ஆளு 18ல இருந்து 24 மைல் வேகத்துலதான் போவான். அவனுக்கு அலை உயரமா, உச்சி நுரைச்சு உடையாம, சறுக்குமரம் மாதிரி சரிவா வேணும். அவளுக்குப் பள்ளம் மேடு இல்லாத ரோடு வேணும், இவனுக்கு ஸ்பீடு பிரேக்கர் வேணும். அவ்வளவுதான் வித்தியாசம் :-)

அலை எங்க இருந்து வருது? கனமான படகு ஆழமா அமுங்குது, நிறைய தண்ணியை ஒதுக்குது, அலை பெருசாகுது. மெதுவா போனா தண்ணியை உழுதுகிட்டுப் போகும். வேகம் கூடினா தண்ணி மேல எழும்பி வழுக்கிக்கிட்டுப் போகும், அலை தட்டையாகும். அதனால ஒரே படகுகூட 20 மைல்ல ஒரு குணம், 34 மைல்ல வேற குணம். நமக்குச் சாதகமா இருக்கற முதல் விஷயம் இது.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கோங்க. தண்ணி ஸ்கி பிறந்ததே எங்க மாநிலத்துலதான். 1922ல லேக் சிட்டின்னு ஒரு சின்ன ஊர்ல ரால்ஃப் சாமுவேல்சன்னு 18 வயசுப் பையன், மிசிசிப்பி ஆத்துல இருக்கற பெப்பின் ஏரியில ரெண்டு பைன் மரப்பலகையைக் காலுல கட்டிக்கிட்டு நின்னு காட்டினான். படகை ஓட்டினது அவன் அண்ணன். 1961ல கரெக்ட் கிராஃப்ட் கம்பெனிக்காரங்க ஸ்கி நாட்டிக்னு ஸ்கிக்குன்னே ஒரு படகு கொண்டுவந்தாங்க. 1968ல டென்னசியில மாஸ்டர்கிராஃப்ட் கிளம்பிச்சு. எல்லாருக்கும் ஒரே லட்சியம்: அலையைச் சின்னதாக்கு.

வேக்போர்டு ரொம்பப் பின்னால வந்த பிள்ளை. 1985 வாக்குல கலிபோர்னியாவுல டோனி ஃபின் ஸ்கர்ஃபர்னு ஒரு குட்டிப் பலகை கொண்டுவந்தார். 1990ல ஹெர்ப் ஓ'பிரையன் ஹைப்பர்லைட்னு மெலிசான, அச்சில அழுத்திச் செஞ்ச பலகையை இறக்கினதும் விளையாட்டு சூடு பிடிச்சது. 90களோட பின்பாதியிலதான் வேக்போர்டுக்குன்னே டவர் வெச்ச படகுகள் வர ஆரம்பிச்சுது. அப்புறம் படகுகள் ரெண்டு சாதியாப் பிரிஞ்சு, இன்னைக்கு வேக்போர்டுப் படகு கனத்துக்கு மேல கனம், விலையும் ஒரு லட்சம் டாலரைச் சர்வசாதாரணமா தாண்டுது.

ஆக, ரெண்டும் பிரியறதுக்கு முன்னாடி, 90களோட நடுவுல வந்த படகுகள்தான் நம்ம ஆட்டத்துக்குப் பொருத்தம். அடிப்பாகம் ஸ்கிக்காகச் செஞ்சது. ஆனா அப்பவே இடம் கொஞ்சம் தாராளம், முன்பக்கம் திறந்து உக்கார வசதி.

அது ஏன் இன்போர்டு? அவுட்போர்டுல எஞ்சின் பின்பக்கம் தொங்கும். ஸ்டெர்ன் டிரைவ்ல எஞ்சின் உள்ள இருந்தாலும் ப்ரொப்பெல்லர் பின்னால நீட்டிக்கிட்டு இருக்கும். இன்போர்டுல ப்ரொப்பெல்லர் படகோட வயித்துக்கு அடியில, பின்விளிம்புக்கு முன்னாலயே முடிஞ்சுடும். பின்னால விழுந்து எந்திரிக்கிற பிள்ளைங்களுக்கு அது எவ்வளவு நிம்மதின்னு சொல்ல வேண்டியதில்லை (ஆனாலும் ஆள் பக்கத்துல வந்தா எஞ்சினை நிறுத்தறதுதான் முறை). அடியில இருக்கற ஃபின்கள் புண்ணியத்துல, ஸ்கி ஆளு முழு பலத்தோட பக்கவாட்டுல இழுத்தாலும் படகு நூல் பிடிச்ச மாதிரி நேராப் போகும். ஒரே குறை, ரிவர்ஸ்ல அது யார் பேச்சையும் கேக்காது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் தனக்குப் பிடிச்ச பக்கம்தான் போகும்.

இன்போர்டுலயும் ரெண்டு வகை. டைரக்ட் டிரைவ்ல எஞ்சின் நடுக்கூடத்துல பெட்டி மாதிரி உக்காந்திருக்கும். எடை நடுவுல, அதனால படகு சமமா மிதக்கும், அலை சின்னது. வி-டிரைவ்ல எஞ்சின் பின்னால திரும்பி நிக்கும், ஷாஃப்ட் முன்னால போய் கியர்பாக்ஸ்ல மடங்கி மறுபடி பின்னால வரும். எடை பின்னால, அலை பெருசு, உக்கார இடமும் ஜாஸ்தி.

சின்னவன் வி-டிரைவ்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான். நான் சொன்ன பதில் ஒண்ணுதான்: "படகுல எடையை ஏத்தலாம்டா, பொறந்த எடையைக் குறைக்க முடியாது." லேசான ஸ்கி படகுல தண்ணிப்பை நிரப்பினா வேக்போர்டுப் படகு மாதிரி ஆகும். கனத்த வேக்போர்டுப் படகுல எதைக் கழட்டி எறிஞ்சாலும் அக்கா கேக்குற தட்டைத் தண்ணி வராது. இந்த ஒரு வரி புரிஞ்சதும் பாதித் தேடல் முடிஞ்சுது.

மீதிப் பாதி, முப்பது வயசுப் படகோட உடம்பைச் சோதிக்கிறது. பேரைப் பாக்காதீங்க, உடம்பைப் பாருங்க.

முதல்ல பாத்த படகு (கம்பெனி பேர் வேண்டாம்) கண்ணைப் பறிச்சுது. புது சீட்டு, புது பெயிண்ட், பாட்டுக்கு நாலு ஸ்பீக்கர். எஞ்சின் பெட்டியைத் திறந்து, எஞ்சினைத் தாங்குற போல்ட்டுல ஸ்பேனரைப் போட்டேன். இறுகவே இல்லை, சும்மா சுத்திக்கிட்டே இருந்துது. பழைய படகு நிறையவற்றுல அடிப்பாகத்தைத் தாங்குற நீளவாட்டு விட்டம், ஸ்ட்ரிங்கர்னு சொல்வாங்க, மரத்தால செஞ்சு மேல ஃபைபர் கிளாஸ் மூடினது. வருஷக்கணக்கா தண்ணி உள்ள இறங்கினா மரம் உளுத்துடும், மேலோடு மட்டும் பளபளன்னு நிக்கும். மாத்தணும்னா எஞ்சினை இறக்கி, தரையை வெட்டி எடுக்கணும். படகு விலையையே அந்த வேலை விழுங்கிடும். ஸ்பீக்கரை மெச்சிட்டு வந்துட்டேன்.

அப்புறம் சில சனிக்கிழமை, சில படகுன்னு அலைஞ்சதுல நான் கையில வெச்சுக்கிட்ட பட்டியல் இது:

1. தரையில வெறுங்காலோட நடந்து பாருங்க. எங்கயாவது மெத்துனு அமுங்கினா அடியில ஈரம். ஸ்ட்ரிங்கரைச் சின்னச் சுத்தியால தட்டினா கணீர்னு கேக்கணும், சொத சொதன்னு கேட்டா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

2. எஞ்சின் பிளாக்கோட பக்கவாட்டுல விரிசலோ, ஒட்டுப்போட்ட தடமோ இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இந்தப் படகுகள் பெரும்பாலும் ஏரித்தண்ணியை உறிஞ்சித்தான் எஞ்சினைக் குளிர வைக்கும். குளிர்காலத்துக்கு முன்னாடி அதை வடிக்காம விட்டா உள்ள உறைஞ்சு விரிஞ்சு இரும்பையே பிளந்துடும். ஆயில் பால் காப்பி மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம்.

3. எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்க. ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கணும். மீட்டர்ல 1,000 மணி நேரம்னு பாத்து பயப்பட வேண்டாம். ஒழுங்கா ஓடின படகு, கொட்டகையில தூங்கின படகை விட மேல்.

4. பழுது பாத்தவங்க கார் ஸ்டார்ட்டர், கார் ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தா உஷார். விலை கம்மிதான். ஆனா படகு எஞ்சின் மூடின பெட்டிக்குள்ள இருக்கு, பெட்ரோல் ஆவி அடியில தங்கும். தீப்பொறி வெளிய வராத, படகுக்குன்னே செஞ்ச பாகம்தான் போடணும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால ப்ளோவரை நாலு நிமிஷம் ஓட விடறதும் இதுக்குத்தான்.

5. தண்ணியில ஓட்டிப் பாக்காம காசு கொடுக்காதீங்க. ஷாஃப்ட் வளைஞ்சிருந்தா அந்த நடுக்கம் கால்ல தெரியும்.

கடைசியில கிடைச்சது 1995 மாஸ்டர்கிராஃப்ட் ப்ரோஸ்டார் 205. நடுவுல எஞ்சின், திறந்த முன்பக்கம், ஜிஎம் 5.7 லிட்டர் வி8. வித்தவர் எழுபது வயசு கடந்த தாத்தா. நான் சுத்தியை எடுத்ததும் கோவிச்சுக்கல. "நல்லா தட்டிப் பாருங்க, நானா இருந்தாலும் தட்டித்தான் வாங்குவேன்"னார். எந்த வருஷம் எந்த இம்பெல்லர் மாத்தினேன்னு ஒரு பள்ளிக்கூட நோட்டுல எழுதி வெச்சிருந்தார். அந்த நோட்டுக்கே தனியா காசு கொடுக்கலாம். பட்ஜெட்டுல 1,500 டாலர் மிச்சம். நிதியமைச்சர் முகத்துல புன்னகை!

மிச்சக் காசு டவருக்கும் தண்ணிப்பைக்கும். வேக்போர்டுக் கயிறு டவர் உச்சியில, ஸ்கி கயிறு எப்பவும் நடுவுல இருக்கற குட்டைக் கம்பத்துல. உச்சியில கட்டி ஸ்கி ஆளு இழுத்தா படகே சாயும். 400 பவுண்ட் பைன்னா ஏறக்குறைய 180 லிட்டர் தண்ணி. பின்னால ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, முன்னால சின்னதா ஒண்ணு. அதுக்காக ஆசைக்கு ஏத்தக்கூடாது. 20 அடிக்குக் குறைவான படகுல எவ்வளவு எடை தாங்கும்னு தகடு இருக்கணும்னு சட்டம், பெருசுலயும் பெரும்பாலும் இருக்கும். தண்ணியும் அந்தக் கணக்குல சேத்திதான். பழைய படகோட முன்பக்கம் தாழ்வு. அலைக்குள்ள மூக்கை விட்டா வாரி உள்ள கொட்டிடும். பின்பலகையில யாரையும் எஞ்சின் ஓடும்போது உக்கார விடாதீங்க. புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வீட்டுக்குக் கிளம்பும்போது பைத் தண்ணி மொத்தமும் வடிச்சு, அடைப்பானைக் கழட்டி வெச்சுட்டுத்தான் ரோட்டுல இழுக்கணும். ஒரு ஏரியோட சிப்பிக் குஞ்சு இன்னொரு ஏரிக்குப் போகக்கூடாதுன்னு மினசோட்டாவுல சட்டமே இருக்கு.

ரெண்டு கட்சிக்கும் உடன்பாடு எழுதிக் கொடுத்தது ஏரிதான். காலை ஆறு மணிக்குத் தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும். பை காலி, படகு லேசு, பெரியவ ஸ்கி. ஒன்பது மணிக்குக் காத்து கிளம்பும்போது பம்பைப் போட்டுப் பையை நிரப்பினா சின்னவன் முறை. அக்காவுக்கு ஒரு கோடுதான் அலை, தம்பிக்கு முழங்கால் உயரம். அதே படகு.

ஒருத்தர் கயித்துல இருக்கும்போது, இன்னொரு ஆள் பின்னால பாத்து உக்காரணும், இல்லைன்னா அகலக் கண்ணாடி வெச்சுக்கலாம்னு இங்க சட்டம். கண்ணாடி விலை சொற்பம்தான். நான் வாங்கல. வீட்டுல ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு ஃபோன்னு இருக்கற ரெண்டும், படகுல ஒருத்தரை ஒருத்தர் கண்ணெடுக்காம பாத்துக்கிட்டு இருக்குதுங்க. "அப்பா, விழுந்துட்டா, திருப்புங்க!"ன்னு சின்னவன் கத்துற சத்தம் பின்னால கேக்குது. கண்ணாடி இருந்தா அது கேக்குமா?

டிஸ்கி: பெட்ரோல் செலவு பத்தி இந்தப் பதிவுல வேணும்னேதான் எழுதல. தங்கமணியும் படிக்கிறாங்க.