கோட்டைத் தொட்ட கை

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் போனால் செட்டிகுளம் வரும். 2009இல் புதுமாத்தளனிலிருந்து நடந்து வந்த எங்களைப் பேருந்தில் ஏற்றிவந்து இறக்கியது இங்குள்ள மெனிக் பாம் முகாமில்தான். 2012இல் அது மூடப்பட்டது. அண்மையில் மகளுடன் அவ்வழியே போனேன்.

"களைக்கேல்லையா அம்மா, எப்படி நடந்தனீங்கள்?" என்றாள்.

ஹவாயில் 1982இல் நடந்த போட்டியொன்றைச் சொன்னேன். 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42 கிலோமீற்றர் ஓட்டம். முன்னணியில் வந்த மாணவி ஜூலி மொஸ், முடிவுக்கோட்டுக்குச் சில மீற்றர் முன்பு சோர்ந்து விழுந்தார். இன்னொருத்தி முந்திவிட்டார். ஜூலியோ தவழ்ந்துபோய்க் கோட்டைத் தொட்டார். இரண்டாமிடம்.

"அவவுக்குக் கோடு தெரிஞ்சது, பிள்ளை. எங்களுக்குத் தெரியேல்லை. அடுத்த அடியை மட்டும் பாத்து வந்தனாங்கள்."

சகோதரிகளே, இன்றும் களைப்பு வரும். சற்று இருந்து, தண்ணீர் குடித்து, எழும்புவோம். தவழ்ந்தாலும் அது பயணந்தான்.