ஐப்பசியிலேயே பனி... பிள்ளைகளோடு ஒரு தீர்த்தமலைப் பயணம்!

காஷ்மீரில் கொட்டுவதும் பனிதான். ஊட்டிப் புல்வெளியில் உறைந்து கிடப்பதும் பனிதான். தர்மபுரி மாவட்டம் தீர்த்தமலையில், விடியற்காலையில் ஓட்டு வீட்டின் இறவாரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுவதும் பனிதான். இந்த மூன்றாவது பனிக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். மடியில் உட்கார ஒரு குழந்தையும் இருந்தால் இன்னும் நல்லது!

நம் முன்னோர் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம்; மார்கழியும் தையும்தான் முன்பனிக் காலம். ஆனால், வடகிழக்குப் பருவமழை நடுவில் சில நாள்கள் ஓய்வெடுத்தால் பனி முந்திக்கொள்ளும். மேகம் இல்லாத இரவில் நிலத்தின் சூடு சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. மழையில் நனைந்த மண்ணிலிருந்து எழும் ஈரம், குளிர்ந்த காற்றில் மூடுபனியாகிறது. அப்படிப்பட்ட நாள்களில் காலையில் மலை காணாமல் போய், வெயில் ஏறியதும் திரும்பி வரும். பள்ளிக்குக் கிளம்பும் வாண்டுகளுக்கு இது இலவச மேஜிக்!

வீடு நிறையும் மாதம்

அரூர் வட்டாரத்தில் மழையை நம்பிய நிலம் அதிகம். கேழ்வரகு, சாமை, கொள்ளு, மரவள்ளி என்று விளைந்தாலும், வீட்டில் உள்ள எல்லோருக்கும் வருடம் முழுக்க வேலை கொடுக்க அந்த நிலத்தால் முடிவதில்லை. அதனால் இளம் தம்பதிகள் பலர் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கும் போகிறார்கள். கைக்குழந்தை என்றால் கூடவே போகும். பள்ளி வயது வந்துவிட்டால், பல வீடுகளில் பிள்ளை ஆயா, தாத்தாவிடம் தங்கிவிடும்.

குளிர் தொடங்கிவிட்டால் இந்த ஆயாக்களின் காலை இன்னும் சீக்கிரம் தொடங்கும். வெந்நீர் வைக்க வேண்டும், போர்வையை விட்டு வராத பேரனை எழுப்ப வேண்டும், தலையில் மப்ளரைச் சுற்றி அனுப்ப வேண்டும். ஒரு வேலை மட்டும் குறைந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தால், 1 முதல் 5-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சூடாக உப்புமா, கிச்சடி, பொங்கல் கிடைத்துவிடுகிறது. முழங்கால் வலியோடு அடுப்படியில் நிற்கும் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

தீபாவளிக்கு இந்த வீடுகள் நிறைந்துவிடும். பனி விலகாத காலையில் எண்ணெய்க் குளியல், மத்தியானம் களி, ராத்திரி கொள்ளு ரசம் என்று நான்கைந்து நாள்கள் ஓடும். ஆயாவிடமே பழகிவிட்ட மூன்று வயதுக் குழந்தை, முதல் நாள் அம்மாவைப் பார்த்து ஆயாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். மறுநாள் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காது. அந்த ஒரு நாள் தள்ளி நிற்பதைத் தாங்குவதுதான் ஊர் திரும்பும் தாய்க்குப் பெரிய சோதனை.

குடும்பமாக மலை ஏறுவோம்

இப்படி எல்லோரும் கூடியிருக்கும் நாள்களில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் மலைக்குக் கிளம்பும். மேலே தீர்த்தகிரீஸ்வரரும் வடிவாம்பிகையும் இருக்கிறார்கள். ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி என்று தீர்த்தங்கள் பல. இதில் ராமர் தீர்த்தம் உயரமான பாறையிலிருந்து நேராகத் தலையில் கொட்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்லக் கதையும் இருக்கிறது. ராவண வதம் முடிந்து திரும்பும் ராமர், இங்கே சிவபூஜை செய்ய நினைத்தார். காசிக்குத் தண்ணீர் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதம் ஆனது. பாறையில் அம்பு விட்டுத் தண்ணீர் வரவழைத்தார் ராமர். பிறகு வந்த அனுமன், கோபத்தில் கொண்டுவந்த தீர்த்தத்தை வீசியெறிய, அது விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் உள்ள அனுமன்தீர்த்தம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் இது என்பது பெரியவர்களுக்கு.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பனியில் படிகள் வழுக்கும். வெயில் வந்து படி காய்ந்த பிறகு ஏறத் தொடங்குங்கள். குரங்குகள் அதிகம் என்பதால் பிஸ்கட் பாக்கெட்டைக் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். தீர்த்தம் சில்லென்று இருக்கும். கைக்குழந்தைக்கு தலையில் தெளித்தாலே போதும். மாற்றுத்துணியும் துண்டும் அவசியம். சளி பிடித்துவிட்டதே என்று ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, ஆறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது, பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மேலே எங்கோ பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போதும் தென்பெண்ணையில் வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளைகளை ஆற்றில் இறக்காமல், கரையில் நின்று கும்பிடுவதே நல்லது.

சொல்லிவிட்டுப் போங்கள்!

பண்டிகை முடிந்து பஸ் ஏறும் காலை எல்லா வீட்டிலும் கனமானது. குழந்தை அழுமே என்று, தூங்கும்போதே கிளம்பிவிடுபவர்கள் உண்டு. குழந்தை நல ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்வது இதற்கு நேர்மாறானது: அழுதாலும் பரவாயில்லை, எழுப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள். எப்போது வருவோம் என்பதையும் குழந்தைக்குப் புரிகிற கணக்கில் சொல்லுங்கள்.

அந்தக் கணக்கு இந்த ஊரில் தயாராகவே இருக்கிறது: கார்த்திகை தீபம். அன்று ராத்திரி வட தமிழகக் கிராமங்களில் பிள்ளைகள் மாவளி சுற்றுவார்கள். காய்ந்த பனம்பூவைக் கரித்து, பொடியாக்கி, துணியில் பொட்டலமாகச் சுற்றி, பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றில் சுழற்றினால் பொறி வட்டமாகப் பறக்கும். கரி தயார் செய்வதும் கட்டுவதும் தாத்தாவின் வேலை. சுற்றிக் காட்ட அப்பா வேண்டும். ஒரு நாள் லீவு கிடைத்தாலும் அந்தப் பௌர்ணமிக்கு வந்து போகும் அப்பாக்களுக்கு, பிள்ளையிடம் சொன்ன வார்த்தைதான் காரணம்.

எப்படிச் செல்வது?

தர்மபுரியிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் அரூர். அங்கிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் தீர்த்தமலை. ரயிலில் வருபவர்கள் சேலம் - ஜோலார்பேட்டை பாதையில் உள்ள மொரப்பூரில் இறங்கி, அரூர் வழியாக வரலாம். அரூர் - ஊத்தங்கரை சாலையில் உள்ள அனுமன்தீர்த்தத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம். தீபாவளி வாரத்தில் போகிறீர்களா? பஸ்ஸில் கூட்டம் அதிகம் இருக்கும். தூங்கும் குழந்தையோடு யாராவது நின்றால், உங்கள் இடத்தைக் கொடுங்கள்.