என்ன கேக்குறாங்க, சொல்லு

18.11.2024, திங்கள்

காலைக் கூட்டம் முடிந்ததும் ஹெச்.எம். சார் அறைக்குக் கூப்பிட்டார். டிசம்பர் 4 தேர்வுக்கு எங்கள் பள்ளியும் தேர்வாகியிருக்கிறதாம். சுற்றறிக்கையில் ‘பரக் ராஷ்ட்ரிய சர்வேக்ஷன்’ என்று போட்டிருக்கிறது. அந்தப் பெயரை முழுதாகச் சொல்பவர் யாரையும் இதுவரை பார்க்கவில்லை. எல்லார் வாயிலும் பழைய பெயரான ‘நாஸ்’தான், அதாவது தேசிய அடைவு ஆய்வு. நாடு முழுக்க 3, 6, 9 வகுப்புகளுக்கு. எங்களுக்கு மூன்றாம் வகுப்பு மட்டும். ஆறாம் வகுப்பு சார் நிம்மதியாக டீ குடித்தார்.

மொழி, கணக்கு இரண்டுதான். எல்லாமே நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். வகுப்பில் 22 பிள்ளைகள், அத்தனை பேரும் எழுத வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் மாலைக்குள் மாதிரித் தாள்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒன்றையும் திறக்கவில்லை. முதலில் யார் எவ்வளவு வாசிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

19.11.2024, செவ்வாய்

வராண்டாவில் பாய் விரித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். ப்ரதம் அமைப்பு 2005-லிருந்து அசர் ஆய்வுக்குப் பயன்படுத்தும் அதே முறை: எழுத்து, சொல், சிறு பத்தி, பிறகு ஒரு பக்கக் கதை. எதில் நிற்கிறார்களோ அதுதான் அந்தப் பிள்ளையின் நிலை. ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், கேள்வித்தாள் தேவையில்லை. 2022 அசர் அறிக்கையில் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கொரோனா விட்டுப்போன கணக்கு அது. அதே ஆண்டு ஜூனில்தான் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துவதால் இன்றைக்கு நிலைமை தேவலாம். ஆனாலும் நான்கு பேர் இன்னும் எழுத்தில்தான் நிற்கிறார்கள்.

எனக்கு உறுத்தியது அந்த நான்கு பேர் அல்ல. அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். ஜன்னலோரம் உட்காரும் பெண், கதையை மடமடவென்று, மூச்சுக்கூட விடாமல் வாசித்தாள். “கதையில என்ன நடந்துச்சு?” என்றேன். மறுபடி முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அடுத்து வந்த பையன் தடுமாறித் தடுமாறிப் பாதிதான் வாசித்தான். அந்தப் பாதியில் யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். பதிவேட்டில் அவள் மலர், அவன் மொட்டு.

20.11.2024, புதன்

இடமதிப்பு. “நானூற்று ஐந்து எழுதுங்க” என்றதும் சிலேட்டுகளைத் தூக்கிக் காட்டினார்கள். பாதிக்கு மேல் 4005. கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருக்கிறார்கள்: நானூறு என்றால் 400, அதன் பக்கத்தில் 5. அவர்கள் வழியில் யோசித்தால் சரிதான்.

விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, பத்துக் கட்டை ஒரு பெரிய கட்டாக்கி, நான்கு பெரிய கட்டும் ஐந்து உதிரிக் குச்சியும் தரையில் வைத்தோம். நடுவில் வெற்றிடம். “இங்க என்ன இருக்கு?” “ஒண்ணுமில்ல மிஸ்.” “ஒண்ணுமில்லைன்னா என்ன எழுதணும்?” ஒரு நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒரே கூச்சல். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் இருவர் 706-ஐயும் 760-ஐயும் குச்சியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சத்துணவு அக்கா வந்து விரட்ட வேண்டியிருந்தது.

21.11.2024, வியாழன்

இன்றைக்கு மாதிரித் தாளைத் திறந்தேன். கரும்பலகையில் எழுதியது இது:

ராமுவிடம் 15 கோலிகள் உள்ளன. அவனிடம் சோமுவைவிட 6 கோலிகள் அதிகம். சோமுவிடம் உள்ள கோலிகள் எத்தனை?

மொத்த வகுப்பும் 21. சுவரில் பழைய சார்ட் ஒன்று தொங்குகிறது: ‘மொத்தம், கூடுதல், அதிகம் என்றால் கூட்டு, மீதி, குறைவு என்றால் கழி.’ அதைப் பார்த்துச் சொல்கிறார்கள், அல்லது அது அவர்களுக்குள் ஏறிவிட்டது. இப்படிப்பட்ட சார்ட்டால் பத்தில் ஏழு கணக்கு சரியாக வரும். மிச்சம் மூன்றில் பிள்ளை ஏமாறும். கேள்வி தயாரிப்பவர்களுக்கும் அந்தச் சார்ட் தெரியும். ‘அதிகம்’ என்ற சொல்லைக் கழித்தல் கணக்கில் வைப்பது அதற்காகவே.

இரண்டு பிள்ளைகளை எழுப்பி நிறுத்தினேன். ராமு கையில் 15 புளியங்கொட்டை. “இப்ப சோமுகிட்ட கூட இருக்கா, கம்மியா இருக்கா?” “கம்மி மிஸ்!” “எவ்வளவு கம்மி?” அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

மாலையில் ஸ்டூல் போட்டு ஏறி சார்ட்டைக் கழற்றினேன். இனி ஒரே விதி: பென்சிலை எடுப்பதற்கு முன் கேள்வியைத் தன் வாயால் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். “என்ன கேக்குறாங்க, சொல்லு.”

22.11.2024, வெள்ளி

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் சுமை தூக்குபவரின் மகன் இருக்கிறான். தக்காளி 14 கிலோ பெட்டிக் கணக்கில்தான் விற்பனை. “மூணு பெட்டி எத்தன கிலோடா?” என்று போகிறபோக்கில் கேட்டேன். “நாப்பத்திரெண்டு.” யோசிக்கக்கூட இல்லை. அதையே எழுதிக் கொடுத்தேன்: ‘ஒரு பெட்டியில் 14 கிலோ தக்காளி உள்ளது. அதுபோன்ற 3 பெட்டிகளில் உள்ள தக்காளியின் எடை எவ்வளவு?’ ‘அ-து-போ-ன்-ற’ என்று அவன் கூட்டி முடிப்பதற்குள் 14 மறந்துபோயிற்று. திரும்ப முதலிலிருந்து. கடைசியில் 17 என்று எழுதினான். கண்ணில் பட்ட இரண்டு எண்களைக் கூட்டியிருக்கிறான்.

தேர்வில் இவன் ‘பெருக்கல் தெரியாதவன்’ ஆவான். இவனுக்கு வராதது வாசிப்பு. கணக்குத் தாளில் பாதி தமிழ்த் தேர்வுதான் என்று நான் சொன்னால், கணக்கு மதிப்பெண்ணைத் தனியாகவும் மொழியைத் தனியாகவும் பட்டியல் போடுபவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இவன் பக்கத்தில் உட்கார்ந்து அதே கேள்வியை நான் வாசித்தபோது 42 வந்துவிட்டது.

மீதி நாட்களில் கணக்குப் பாடவேளையிலும் வாசிப்புதான். முடிவெடுத்துவிட்டேன்.

23.11.2024, சனி

கடைத்தெருவில் ஒரு அம்மா நிறுத்தினார். “டீச்சர், ஏதோ பெரிய பரீட்சையாமே. பாப்பாவுக்கு டியூஷன் வச்சிரவா?” வேண்டாம் என்றேன். இந்தத் தேர்வில் பிள்ளைக்கு மார்க் ஷீட் கிடையாது, பாஸ் பெயில் கிடையாது. அறிக்கை மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும்தான். “அப்ப எதுக்கு நடத்துறாங்க?” நியாயமான கேள்வி. ரத்தம் ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பது மாதிரி என்றேன். பாதி நம்பிக்கையோடு போனார்.

மார்க் இல்லை என்றாலும் மாநிலத்துக்கு மானப் பிரச்சினை இருக்கிறது. 2021 நாஸில் மூன்றாம் வகுப்பின் தேசிய சராசரி 500-க்கு மொழியில் 323, கணக்கில் 306. தமிழ்நாடு அதற்குக் கீழே. அது நடந்த தேதியை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை: 2021 நவம்பர் 12. இங்கே ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தது நவம்பர் 1. அன்றைக்கு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை அதற்கு முன் பள்ளிக்கு வந்தது 2020 மார்ச்சில், ஒன்றாம் வகுப்பில். பென்சில் பிடிக்கவே பழக்கிக்கொண்டிருந்த வாரத்தில் தேர்வு வைத்தார்கள்.

25.11.2024, திங்கள்

ஆசிரியர் பயிற்றுநர் வந்தார். நல்ல மனுஷி, ஆனால் அவசரத்தில் இருந்தார். ஓ.எம்.ஆர். வட்டத்தை நிரப்பப் பழக்கியாயிற்றா என்று கேட்டார். இந்த வயதுப் பிள்ளைகள் வினாத்தாளிலேயே விடையைக் குறித்தால் போதும், அதை ஓ.எம்.ஆரில் ஏற்றுவது கள ஆய்வாளர் வேலை. முந்தைய நாஸிலும் அப்படித்தான். அவருக்கும் அது தெரியும். “இருந்தாலும் ஒரு பழக்கத்துக்கு...” ஃபோட்டோ எடுக்க வேண்டும் என்பதுதான் உள்விஷயம். பத்து நிமிடம் வட்டம் போட்டோம், ஃபோட்டோ எடுத்தோம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒருத்தி நான்கு வட்டத்தையும் நிரப்பி, கண்ணும் வாயும் வரைந்திருந்தாள்.

27.11.2024, புதன்

நாளெல்லாம் தூறல். பாதி வகுப்பு வரவில்லை. வந்தவர்களுக்குக் கதை.

28.11.2024, வியாழன்

நானே எழுதிய பத்தி. பாட்டி சந்தையிலிருந்து திரும்புகிறாள். வெல்லப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வேகமாக நடக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் தலையைத் துவட்டுகிறாள். ‘பாட்டி ஏன் வேகமாக நடந்தாள்?’ அ) சந்தைக்கு நேரமாகிவிட்டது. ஆ) மழை பெய்தது. இ) வெல்லம் கனமாக இருந்தது. ஈ) வீட்டில் யாரும் இல்லை.

பெரும்பாலோர் ‘அ’ அல்லது ‘இ’. காரணம், சந்தையும் வெல்லமும் பத்தியில் இருக்கின்றன, மழை இல்லை. பத்தியில் உள்ள சொல் எந்த விடையில் இருக்கிறதோ அதுதான் சரி என்று பழகியிருக்கிறார்கள். பாடநூல் வினாக்களுக்கு வரியைத் தேடி எழுதியே வளர்ந்தால் வேறெப்படி வரும்? ஒரு பையன் மட்டும் நான்கையும் தள்ளினான்: “பேரன் புடுங்கித் தின்னுருவான்னுதான் மிஸ் மறைச்சாங்க.” அது ஒரு நல்ல விடை. “அப்ப தலைய எதுக்குத் துவட்டுனாங்க?” என்றேன். யோசித்தான். “மழை... மழையும் பேஞ்சிருக்கு, பேரனும் இருக்கான்.”

அடுத்து, ‘இல்லை’யில் முடியும் கேள்விகள். ‘கீழ்க்கண்டவற்றுள் எது 35-க்குச் சமமாக இல்லை?’ 20 + 15 என்பதைப் பார்த்ததும் டிக் அடித்துவிடுகிறார்கள். கடைசிச் சொல் வரை போவதற்குப் பொறுமையில்லை. கேள்வியின் கடைசிச் சொல்லில் விரலை வைத்துவிட்டுத்தான் விடைக்குப் போக வேண்டும் என்று பழக்கினேன். இது ஒன்றுதான் நான் சொல்லிக்கொடுத்த தேர்வு உத்தி. வாழ்க்கையில் படிவம் நிரப்பவும் உதவும்.

1.12.2024, ஞாயிறு

டிவியில் விழுப்புரம். ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்திருக்கிறது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், பாடப்புத்தகங்களைக் கொடியில் காயப்போட்டிருக்கிறார்கள். புதன்கிழமை தேர்வு என்று அங்கே யாருக்கு நினைவிருக்கும்.

3.12.2024, செவ்வாய்

மாதிரித் தாள் எதுவும் இல்லை என்று காலையிலேயே அறிவித்துவிட்டேன். மூன்று பத்தி வாசித்து ஒருவருக்கொருவர் சொன்னார்கள். ஜன்னலோரப் பெண் இன்றைக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பார்ப்பவர்களுக்கு இவள் பின்தங்கிவிட்டாள் என்று தோன்றும். கதையைக் கேட்டேன், சொன்னாள். நடுவில் ஒரு இடத்தை விட்டுவிட்டுச் சொன்னாள், பரவாயில்லை.

எழுத்து நிலையில் இருக்கும் நால்வரைப் பற்றி ஹெச்.எம். சாரிடம் ஒருவர் தொலைபேசியில், “நாளைக்கு லீவு சொல்லிடுங்களேன்” என்று யோசனை சொன்னாராம். சார் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அந்த நால்வர் வீட்டுக்கும் சாயந்திரம் நான் போய், காலையில் கட்டாயம் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

4.12.2024, புதன்

காலை உணவு பொங்கலும் சாம்பாரும். கள ஆய்வாளராக ஆசிரியர் பயிற்சி படிக்கும் பெண் ஒருத்தி வந்திருந்தாள். பிள்ளைகளைவிட அவளுக்குத்தான் பதற்றம். பார்வையாளர் முத்திரையைச் சரிபார்த்து உறையைப் பிரித்தார். வகுப்பாசிரியருக்கு உள்ளே அனுமதி இல்லை. நான் நான்காம் வகுப்பில் உட்கார்ந்து அவர்களுடைய நோட்டுகளைத் திருத்தினேன். ஒரு பக்கம்கூட மனதில் ஏறவில்லை.

வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினால் என்ன புரியும்? கடிகாரம் வந்ததாம், ரூபாய் நோட்டு வந்ததாம், குரங்கு வந்ததாம், இல்லை அது கரடியாம். மார்க்கெட்டுக்காரர் மகன் கடைசியாக வந்தான். “ஒரு கணக்கு புரியல மிஸ். மூணு தடவ படிச்சேன். அப்புறமும் புரியல, விட்டுட்டேன்.” கண்ணில் பட்ட எண்களை அவன் கூட்டவில்லை. எனக்கு அதுவே பெரிய சமாச்சாரம்; அறிக்கையில் அது தவறான விடைக்குச் சமம்.

5.12.2024, வியாழன்

கடைத்தெரு அம்மா காலையில் பள்ளி வாசலிலேயே நின்றார். “மார்க் எப்ப வரும் டீச்சர்?” மறுபடி முதலிலிருந்து விளக்கினேன்.

பாடத்தில் இரண்டு அலகு பின்தங்கியிருக்கிறோம், தொகுத்தறித் தேர்வு வரப்போகிறது. மாதிரித் தாள்களை எல்லாம் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று ஓவிய வேளைக்கு எடுத்துவைத்தேன். சத்துணவுக்குப் பிறகு, எழுத்தில் நிற்கும் அந்த நால்வருக்கு அரை மணி நேரம் வாசிப்பு தொடரும், ஹெச்.எம். சார் சம்மதித்துவிட்டார். நாளைக்கு அவர்களுக்குக் கொம்பு, கால், சுழி. கூடவே தக்காளிப் பெட்டிக் கணக்கு, இந்த முறை மார்க்கெட்டுக்காரர் மகன் எழுத, மற்றவர்கள் போட.