முதல் தப்புக்கு அபராதம் இல்லை

அமெரிக்காவில் தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்க நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் கிடையாது. மருத்துவம், வங்கி, குழந்தைகள் என்று துண்டு துண்டாகச் சில சட்டங்கள். மிச்சமெல்லாம் எஃப்.டி.சி என்கிற வர்த்தக ஆணையத்தின் தலையில். அதன் கையில் இருப்பதோ 1914-ல் வந்து 1938-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் ஒரு வரி: நியாயமற்ற, ஏமாற்றும் வணிகம் கூடாது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய இந்த வரி கணினித் திருட்டுக்குப் பொருந்துமா? விண்டம் ஹோட்டல் குழுமம் இதைக் கேட்டுத்தான் கோர்ட்டுக்குப் போனது. 2015-ல் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. ஆணையத்துக்கு வெற்றி!

அடுத்தது லேப்எம்டி. அட்லாண்டாவில் ஒரு சின்னப் புற்றுநோய்ப் பரிசோதனைக் கூடம். பில்லிங் மேனேஜரின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் லைம்வயர் இருந்தது (ஆமாம், பாட்டு இறக்கும் அதே லைம்வயர்). சுமார் 9,300 நோயாளிகளின் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் இருந்த ஒரு ஃபைல் அதன் வழியாக வெளியே தெரிந்தது. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய், நோயாளிகளுக்குத் தகவல் சொல் என்று 2016-ல் ஆணையம் உத்தரவு போட்டது. நியாயமான என்றால் எவ்வளவு என்று உத்தரவில் இல்லையே, மீறினால் எதை வைத்துத் தண்டிப்பது என்று கேட்டு 2018-ல் மேல்முறையீட்டுக் கோர்ட் அதை ரத்து செய்தது. கேள்வி சரியான கேள்விதான். அதற்குப் பிறகு ஆணையத்தின் உத்தரவுகள் விலாவாரியாக வர ஆரம்பித்தன. ஆனால் நோயாளிகளுக்குத் தகவல் சொல்லவேண்டும் என்ற பகுதியும் சேர்ந்தே போய்விட்டது.

பெரிய அடி 2021-ல். வழக்கு என்னவோ வட்டிக்கடன் பற்றியது. ஏமாந்தவர்களுக்குப் பணம் வாங்கித்தர ஆணையம் பல வருஷமாகப் பயன்படுத்திய குறுக்குவழி சட்டத்திலேயே இல்லை என்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமுகமாகச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு பாதை உண்டு, சுற்றுப்பாதை. தனி விதி எதையும் மீறாத கம்பெனிக்கு முதல் தப்புக்கு அபராதமும் பொதுவாகக் கிடையாது. ஃபேஸ்புக் 2019-ல் 500 கோடி டாலர் கட்டியதுகூட 2012-ல் ஒப்புக்கொண்ட உத்தரவை மீறியதற்காகத்தான்.

சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் அரசு அமைப்பின் விளக்கத்துக்குக் கோர்ட் இடம் கொடுக்கும் 1984 வழக்கமும் 2024-ல் முடிந்தது. அந்த 1938 வரிக்கு இனி அர்த்தம் சொல்லப்போவது நீதிபதிகள்.

காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டால் இத்தனை தலைவலி இல்லை. 2022-ல் ஒரு மசோதா கமிட்டியில் 53-க்கு 2 என்று ஜெயித்தது. சபையில் ஓட்டெடுப்புக்கே வரவில்லை.